நாலு மணிப் படகில் ஆறு டிக்கெட்

திங்கட்கிழமை காலை 10.20.

ஜெர்ரி இரண்டு பட்டியல்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவருடைய படகுக் கம்பெனியின் இணையதளத்தில் பதிவான டிக்கெட்டுகள். இன்னொன்று பேமெண்ட் கேட்வே நிறுவனம் அனுப்பியது. வாடிக்கையாளர் இணையத்தில் கட்டும் காசை வாங்கி ஜெர்ரியின் வங்கிக் கணக்கில் சேர்ப்பது அந்த நிறுவனத்தின் வேலை. முதல் பட்டியலில் இருந்த நூற்று முப்பத்திரண்டு டிக்கெட்டுகள் இரண்டாவது பட்டியலில் இல்லை.

சைபர் கிரைம் உதவி ஆய்வாளர் அறிவுமதி இரண்டையும் ஒருமுறை படித்தாள்.

"இதெல்லாம் எந்த டிரிப்புக்கு?"

"சனி, ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி டிரிப் மட்டும். டிரிப்புக்கு ஆறு டிக்கெட். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. பதினோரு வாரமா நடக்குது. இப்பத்தான் என் கண்ணுல பட்டுது."

"அந்த ஆறு பேரும் படகுல ஏறினாங்களா?"

"ஏறியிருக்காங்க. படகு ஏறுற ஜெட்டியில ஒவ்வொரு டிக்கெட்டையும் போன்ல ஸ்கேன் பண்ணித்தான் உள்ள விடுவோம். ஸ்கேன் ஆன நேரம் வரைக்கும் பதிவாயிருக்கு. முப்பது சீட்டும் ஃபுல். காசு மட்டும் இருபத்தி நாலு பேருக்குத்தான் வருது."

"நீங்க ஜெட்டிக்குப் போவீங்களா?"

"மாசத்துக்கு ஒரு தடவ. ஆபீஸ் டவுன்ல இருக்குது. எல்லாம் கம்ப்யூட்டர்லயே பாத்துக்குவேன்."

"யார் மேல சந்தேகம்?"

ஜெர்ரி வாசல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே பெஞ்சில் ஓர் இளைஞன் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சைட்ட செஞ்சவன். வினோத்குமார். கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

காலை 10.50.

வினோத்துக்கு இருபத்தாறு வயது. லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பவன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"கேட்வேய சைட்டோட சேத்தது நீங்கதான?"

"ஆமா மேடம்."

"அது எப்படி வேலை செய்யுது?"

"சீட் புக் பண்ணதும் ஒரு ஆர்டர் நம்பர் விழும். அப்புறம் கேட்வே பக்கத்துக்குப் போவும். அங்க காசு கட்டுனதும், கேட்வே அவங்கள நம்ம சைட்டோட 'நன்றி' பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். அந்தப் பக்கம் தொறந்தா டிக்கெட் வந்துரும்."

"காசு கட்டாமயே யாராவது அந்தப் பக்கத்தத் தொறந்தா?"

வினோத் மடியிலிருந்த பையைப் பார்த்தான்.

"வந்துரும் மேடம்."

"காசு உண்மையிலயே வந்துதான்னு சைட் கேட்வே கிட்ட கேட்டுக்கணுமே. அத ஏன் செய்யல?"

"செஞ்சிருந்தேன். நெட் மெதுவா இருந்தா உறுதி வர ரெண்டு மூணு நிமிஷம் ஆச்சு. ஜெட்டியில ஜனங்க சத்தம் போட்டாங்க. சார் அத எடுக்கச் சொன்னாரு." போனில் ஒரு செய்தியைத் தேடி எடுத்து நீட்டினான். ஜெர்ரியின் எண். 'அந்த செக்கிங்க தூக்கு. டிக்கெட் உடனே வரணும்.' ஆறு மாதம் முந்தைய தேதி.

அறிவுமதி அதைப் படித்துவிட்டுப் போனைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"காசு வராத டிக்கெட் எல்லாமே வெள்ளிக்கிழமை காலையில, சனி ஞாயிறு புக்கிங் தொறக்கற பத்து மணிக்கு மேல, ஜெட்டி வைஃபையிலிருந்து போட்டது. வெள்ளிக்கிழமை காலையில நீங்க எங்க இருப்பீங்க?"

"ஜெட்டியில. வாரா வாரம் ஸ்கேன் பண்ற போனையும் பிரிண்டரையும் பாக்கப் போவேன்." சொல்லி முடித்த பிறகுதான் தன் பதில் எப்படிக் கேட்கிறது என்பது அவனுக்கே உறைத்தது. "மேடம், நான் எடுக்கல."

"இந்த ஓட்ட வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் சொல்லல."

மேசைமேல் இருந்த வினோத்தின் போன் அடித்தது. 'ரூபா சில்க்ஸ்' என்று பெயர் வந்தது. அறிவுமதி தலையசைக்க, அவன் எடுத்துப் பேசினான். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. "சரிங்க சார். பாஸ்வேர்ட் அனுப்பிடறேன் சார்." வைத்துவிட்டான்.

"என்ன?"

"அவங்க சைட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறாங்களாம். ஜெர்ரி சார் சொல்லிட்டாரு போல. காலையிலருந்து இது ரெண்டாவது."

பகல் 12.40.

அறிவுமதி தன் போனில் அந்த இணையதளத்தைத் திறந்தாள். புதன்கிழமைக்கு ஒரு சீட்டை எடுத்தாள். ஆர்டர் எண் விழுந்தது. காசு கட்டும் பக்கம் வந்ததும் கட்டாமல் வெளியேறினாள். முன்பு யாரோ வாங்கிய டிக்கெட்டின் 'நன்றி' பக்கத்து முகவரியை ஜெர்ரியின் பட்டியலிலிருந்து எடுத்து, கடைசியில் இருந்த எண்ணை மட்டும் மாற்றித் தன் ஆர்டர் எண்ணைப் போட்டாள்.

'நன்றி. உங்கள் பயணம் இனிதாகட்டும்.' கீழே டிக்கெட்.

இருபது வினாடிகூட ஆகவில்லை. இதைச் செய்யக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எண்ணை மாற்றலாம் என்று தெரிந்திருந்தால் போதும்.

பிற்பகல் 3.30.

நோணாங்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாற்றின் கரையில் இருந்தது ஜெர்ரியின் படகுத்துறை. தகரக் கூரை, ஒரு டிக்கெட் ஜன்னல், தண்ணீருக்குள் நீளும் மரப்பாலம். பாலத்தின் முனையிலிருந்து படகுக்கு ஒரு பலகை. ஒரு சமயத்தில் ஓர் ஆள்தான் அதில் நடக்க முடியும். படகின் முகப்பு வெயிலில் மங்கிப் போயிருந்தது. அதில் ஒரு சதுரத்தில் மட்டும் வெள்ளைப் பெயிண்ட் புதிதாக இருந்தது.

பலகையின் பக்கத்தில் ஸ்கேன் பண்ணும் போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆனந்தமேரி நின்றாள். நாற்பதை நெருங்கும் வயது. ஏறுகிற குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். பெரியவர்கள் பிடித்துக்கொண்டிருந்தாலும் அவளும் பிடித்தாள். படகு கிளம்பிய பிறகு அறிவுமதி அவளிடம் போனாள்.

"எத்தனை மாசமா வேலை?"

"ஒன்பது மாசம் மேடம்."

"ஸ்கேன் பண்றது நீங்க மட்டுந்தானா?"

"நான் மட்டுந்தான்."

"ஞாயித்துக்கிழமை நாலு மணி டிரிப்புல எத்தன பேரு ஏறினாங்க?"

"முப்பது."

"காசு கட்டாத டிக்கெட் அதுல ஆறு இருந்திருக்கு. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"போன்ல பச்ச வெளக்கு எரிஞ்சா விடுவேன். காசு வந்துதா வரலியான்னு எனக்கு எப்டித் தெரியும் மேடம்?" அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினாள். பிறகு கேட்டாள்: "அந்தத் தம்பிய இன்னும் உக்கார வச்சிருக்கீங்களா?"

"ஆமா."

ஆனந்தமேரி கழுத்திலிருந்த போனின் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள்.

மாலை 4.45.

படகு திரும்பியது. ஓட்டுநர் பக்கிரி கயிற்றைக் கட்டிவிட்டு வந்து பீடி பற்றவைத்தார். இருபது வருடம் மீன்பிடிப் படகில் இருந்தவர்.

"நாலு மணி டிரிப்புல முப்பது பேரு வருவாங்களா, ஐயா?"

"எண்றது மேரியம்மா வேலங்க. நான் கயித்த அவுக்கறதோட சரி. முன்னெல்லாம் சனி ஞாயிறுல நெருக்கியடிச்சி உக்காருவாங்க. சாயங்காலம் முகத்துவாரத்துல அல ஏறும். எனக்கே பக்குனு இருக்கும். இப்ப ரெண்டு மாசமா தேவல."

"லைஃப் ஜாக்கெட் எத்தன இருக்குது?"

"இருவத்தி நாலு."

"பயணிகளுக்குத் தண்ணி பாட்டில் தர்றீங்களே, அது?"

பக்கிரி குரலைத் தாழ்த்தினார். "முப்பது பாட்டில் ஏத்துவோம். சனி ஞாயிறு நாலு மணி டிரிப்புல ஆறு மிஞ்சுங்க. வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன். நம்ம ஜெர்ரி முசியே கிட்ட சொல்லிடாதீங்க."

அறிவுமதி எழுதிக்கொண்டாள். டிக்கெட் ஜன்னலுக்குள் போய், ஸ்கேன் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் வரவழைத்து, வினாடிக் கணக்கோடு அச்செடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பயணிகளில் விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்குப் போன் போட்டாள். அன்றைக்குப் படகில் எடுத்த படங்கள் இருந்தால் அனுப்பச் சொன்னாள். ஐந்து படங்கள் வந்தன. ஒன்று, படகு கிளம்பும்போது கரையில் நின்ற உறவினர் எடுத்தது; அதில் படகு முழுவதும் தெரிந்தது.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் வினோத்தை வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவனுடைய போனை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்த பழைய வாட்ஸாப் குரல்செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை 11.00.

ஜெர்ரி, வினோத், பக்கிரி, ஆனந்தமேரி நான்கு பேரும் அறிவுமதியின் அறையில் இருந்தார்கள். ஆனந்தமேரி உட்காரவில்லை. சுவரோரமாக நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை படகு கிளம்பறதுக்கு முன்னாடி முப்பது டிக்கெட் ஸ்கேன் ஆயிருக்கு," என்றாள் அறிவுமதி. "முதல் இருபத்தி நாலு டிக்கெட்டுக்குப் பதினாறு நிமிஷம். பலகையில ஒவ்வொருத்தரா நடந்தா அவ்வளவு ஆவும். கடைசி ஆறு டிக்கெட்டுக்குப் பதினோரு செகண்ட். பதினோரு செகண்ட்ல அந்தப் பலகையில ஆறு பேரு போக முடியுமா, ஐயா?"

"ரெண்டு பேரு போறதே கஷ்டங்க," என்றார் பக்கிரி.

"அந்த டிரிப்புல தண்ணி பாட்டில் ஆறு மிஞ்சுது. ஒவ்வொரு சனி ஞாயிறும் ஆறு." பக்கிரி ஜெர்ரியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு எடுத்த போட்டோ இது. ஐயா, உங்களோட சேத்து இருபத்தஞ்சு தல. ஓட்டுறவரக் கழிச்சா இருபத்தி நாலு."

ஜெர்ரி படத்தை வாங்கி எண்ணினார். "அப்ப அந்த ஆறு பேரு?"

"அப்படி ஆறு பேரு இல்ல. காசு கட்டாம யாரோ படகுல போறாங்கன்னு நெனச்சுத்தான் எல்லாரும் தேடினோம். யாரும் போகல. சீட் காலியாத்தான் போயிருக்கு. வராத ஆளுக்கு டிக்கெட்ட ஸ்கேன் பண்ணது யாரு? ஸ்கேன் பண்ற போன் ஒருத்தர் கழுத்துலதான் இருக்குது. அவங்க எங்கிட்ட முப்பது பேரு ஏறினாங்கன்னு சொன்னாங்க."

அறையில் யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"வினோத், நாலு மாசம் முன்னாடி ஒரு பயணிக்குக் காசு போயிட்டு டிக்கெட் வரல. அப்ப நீங்க மேரியம்மாவுக்குக் குரல்செய்தி அனுப்பினீங்க." அறிவுமதி போனை அழுத்தினாள். வினோத்தின் குரலே கேட்டது. 'அக்கா, பழைய டிக்கெட் லிங்க் ஒண்ணு எடுங்க. கடைசில இருக்குற நம்பர மட்டும் மாத்தி அவரு ஆர்டர் நம்பரப் போடுங்க. டிக்கெட் வந்துரும்.'

வினோத் தலையில் கை வைத்துக்கொண்டான். "மறந்தே போச்சு மேடம். அவசரத்துக்குச் சொன்னது."

"அவங்க மறக்கல."

ஜெர்ரி எழுந்தார். "காலி சீட்டுக்கு எதுக்குத் திருட்டு டிக்கெட்? இதுல இந்தம்மாவுக்கு என்ன லாபம்?"

"அதுக்குப் பதில் உங்க படகு மேலயே இருக்குது. முகப்புல ஒரு சதுரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. அங்க என்ன எழுதியிருந்துது?"

ஜெர்ரி படத்தை மேசைமேல் வைத்தார்.

"அங்க எழுதியிருந்த எண்ணிக்கை லைசென்ஸ்லயும் இருக்குது, காப்பி வாங்கிப் பாத்தேன். உங்க படகுல ஏத்தலாம்னு அரசாங்கம் சொன்னது இருபத்தி நாலு பேரு. ஜாக்கெட்டும் இருபத்தி நாலு. சைட்ல நீங்க விக்கறது முப்பது. முப்பதும் நெரம்பறது சனி ஞாயிறு நாலு மணிக்கு மட்டும். அந்தக் கூடுதல் ஆறு சீட்டத்தான் வாரா வாரம் யாரும் வாங்க முடியாம இவங்க முன்னாடியே எடுத்து வச்சாங்க. ஸ்கேன் ஆவலன்னா கம்ப்யூட்டர்ல உங்களுக்குத் தெரிஞ்சிரும்னு ஸ்கேனும் பண்ணாங்க. இல்லியாம்மா?"

ஆனந்தமேரி கழுத்துக்குக் கை கொண்டுபோனாள். போன் அங்கே இல்லை.

"ஆமா மேடம். நாந்தான்."

யாரோ அவளுக்கு நாற்காலியை நகர்த்தினார்கள். அப்போதும் அவள் உட்காரவில்லை.

"மொதல்ல சார் கிட்டயே சொன்னேன். முப்பது வேணாம் சார், ஜாக்கெட்டே இல்லன்னு. இன்னும் ஆறு பேருதானம்மா, ஒண்ணும் ஆவாதுன்னாரு. அதுக்கு மேல நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?" சுவரில் சாய்ந்துகொண்டாள். "எங்க வூட்டுக்காரரு பேரு மிக்கேல். ஸ்கூல் வேன் ஓட்டினாரு. எட்டுப் பிள்ளைங்க உக்கார்ற வண்டி. பன்னெண்டு ஏத்துவாரு. எங்க ரூபியும் அதுலதான் போவா. பக்கத்து வூட்டுப் பிள்ளைக்கு வண்டி கெடைக்கலன்னு அவங்கம்மா வந்து நின்னாங்க. இவரு எடம் இல்லன்னாரு. நாந்தான் சொன்னேன். இன்னும் ஒரு பிள்ளதானங்க, எப்டியாச்சும் ஏத்திக்கங்கன்னு."

பக்கிரி கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பிள்ள சின்னது. ரூபி அதுக்கு உள்ள எடம் விட்டுட்டு இவ கதவோரமா உக்காந்திருக்கா. பாலத்துத் திருப்பத்துல கதவு தொறந்துகிச்சி. மத்த எல்லாப் பிள்ளைங்களுக்கும் காயந்தான். எங்க பிள்ள மட்டும் போயிட்டா. எட்டு வயசு."

அவள் அழவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள் அவை.

"போலீஸ்ல கேட்டப்ப, நான் சொல்லித்தான் ஏத்தினேன்னு அவரு சொல்லவே இல்ல. ஏழு மாசம் உள்ள இருந்தாரு. வந்த பொறவும் என்னை ஒரு வார்த்த கேக்கல. திட்டக்கூட இல்ல. வண்டிய வித்துட்டு வூட்டுலயே கெடக்குறாரு. மூணு வருசமாச்சு." வினோத்தைப் பார்த்தாள். "நேத்தே உண்மையச் சொல்லியிருக்கணும் தம்பி. வாய் வரைக்கும் வந்துது. திரும்பியும் நான் பண்ணதுக்கு இன்னொருத்தர போலீஸ்ல உக்கார வச்சிட்டேன்."

வினோத் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாது.

பகல் 12.10.

ஜெர்ரி வராந்தாவில் யாருடனோ போனில் பேசிவிட்டு உள்ளே வந்தார். இப்போது குரல் தணிந்திருந்தது.

"மேடம், நான் கம்ப்ளெய்ண்ட வாபஸ் வாங்கிக்கிறேன். பாவம், கஷ்டப்பட்ட பொம்பள. தம்பிக்கும் நானே நாலு எடத்துல சொல்லிடறேன்."

"முப்பது பேரு விஷயம்?"

"சைட்ல ஒரு நம்பர் தப்பா விழுந்துருச்சு. மாத்திக்கலாம். ஏத்துனது இருபத்தி நாலு பேரத்தானே? நீங்களே போட்டோ காட்டினீங்க."

அறிவுமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சொன்னது சரி. சைட்டில் விற்றது பதிவாகியிருந்தது. படகில் ஏறியதற்குக் கிடைத்த ஒரே படம் ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அதில் இருபத்து நான்கு பேர்தான் இருந்தார்கள். பதினோரு வாரம் ஆனந்தமேரி செய்த வேலையே ஜெர்ரிக்குச் சாட்சியாகிவிட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் முப்பது பேரும் பலகையில் நடந்து உள்ளே போனதை ஒவ்வொருவராக எண்ணியவள் அவள் ஒருத்திதான்.

"மேரியம்மா," என்றாள் அறிவுமதி. "சார் சொன்னதக் கேட்டீங்கல்ல. அவரு வாபஸ் வாங்கிட்டா இந்தக் கேஸ இழுத்துக்கிட்டுப் போறது எனக்கும் கஷ்டம். நீங்க இப்படியே வூட்டுக்குப் போலாம். முன்னாடி முப்பது பேர ஏத்தினாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா, படக நிறுத்தச் சொல்லி நான் மேல அனுப்புவேன். ஆனா அப்ப சார் வாபஸ் வாங்க மாட்டாரு. உங்க மேல கேஸ் நடக்கும். எதைச் செய்யணும்னு நான் சொல்லல. நீங்க யோசிங்க."

பக்கிரி முதன்முறையாகக் கோபப்பட்டார். "படகு நின்னுட்டா நாங்க அஞ்சு பேரு எங்கம்மா போவோம்? ஆறு சீட்டக் கொறச்சிக்கிறேன்னு முசியே சொல்றாருல்ல? வுட்டுரு மேரி."

"வெயில் காலத்துக் கூட்டம் வந்தா திரும்பியும் ஏத்துவாரு, அண்ணே," என்றாள் ஆனந்தமேரி. "நான் அங்க இருக்க மாட்டேன்."

பக்கிரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போகும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஆனந்தமேரி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தாள் குடுங்க மேடம். நானே எழுதறேன்."

அவள் மெதுவாக எழுதினாள். மூன்று பக்கம். தேதிகளை நினைவிலிருந்து எழுதினாள். ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ஏறியவர்களின் எண்ணிக்கை, அதில் குழந்தைகள் எத்தனை என்பதும். தான் போட்ட நூற்று முப்பத்திரண்டு டிக்கெட்டுகளையும் எழுதினாள். வினோத்துக்கு அதில் பங்கில்லை என்று தனியாக ஒரு வரி. ஜெர்ரி பாதியிலேயே எழுந்து வக்கீலைப் பார்க்கப் போய்விட்டார்.

பிற்பகல் 1.30.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஆனந்தமேரி கேட்டாள்: "ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

அறிவுமதி தன் போனையே கொடுத்தாள். ஆனந்தமேரி எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு எடுக்கப்பட்டது. மறுமுனையில் 'யாரு' என்றுகூடக் கேட்கவில்லை.

"நாந்தாங்க," என்றாள். "வர நேரமாவும். எப்பன்னு தெரியல. சோறு அடுப்பு மேடையில மூடி வச்சிருக்கேன். மீன்கொழம்பு இருக்கு, சுட வச்சிக்கங்க."

மிக்கேல் பேசவில்லை.

"அன்னைக்கி நாந்தான் ஏத்தச் சொன்னேன்னு இங்க சொல்லிட்டேங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

மறுமுனையில் சத்தமில்லை. ஆனால் தொடர்பும் துண்டிக்கப்படவில்லை. அறிவுமதி கோப்பை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். பின்னால் ஆனந்தமேரி போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ சாப்டியா?" என்று கேட்டார் மிக்கேல்.